ஒரு பிடி மரத்தூள்

அவளை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலர் வைத்த பெயர் அது. கேலிக்கு வைத்தது, நாளடைவில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

"என்ன எலியம்மா, இன்னிக்கு எத்தனை பேரப்பிள்ளைங்க?" என்று காலையில் காவலர் கேட்பார்.

"உங்களுக்குத்தான்ணே பொண்ணு பாத்துட்டு இருக்கேன். வாலு நீளமா வேணுமா, குட்டையா இருந்தா போதுமா?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் அடையாள அட்டையை உரசிக் கதவைத் திறந்து கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுவாள்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. எலிகள் இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், வெளியே வெயில் காயும் நேரத்தில் உள்ளே இரவாக்கி வைத்திருந்தார்கள். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். உள்ளே போகவும் அட்டை, வெளியே வரவும் அட்டை. வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்குத் தடவும் எண்ணெய்கூட மணமில்லாததாக இருக்க வேண்டும். எலிக்குட்டிகள் மூக்கால்தான் உலகத்தைப் படிக்கின்றன. தூக்கி வைக்கிற கை தினமொரு மணத்தோடு வந்தால் அவற்றின் பாடம் குழம்பிப் போகும். அதனால் அலுவலகமே ஒரு வெள்ளை சோப்பு கொடுத்தது. அதில் குளித்துவிட்டு வந்தால் கல்லில் உரசிவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

அவள் வேலை கூண்டு கழுவுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, மரத்தூள் மாற்றுவது. மரத்தூளில்தான் சூட்சுமம். கூண்டை மொத்தமாகச் சுத்தம் செய்து புதுத்தூள் கொட்டிவிட்டால் தாய் எலிக்குத் தன் வீடு எதுவென்று தெரியாமல் போகும். பதறும். சில சமயம் தன் குட்டியையே கடித்துவிடும். ஆகவே பழைய தூளில் ஒரு பிடி எடுத்துப் புதியதன் மூலையில் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தந்த பாடம். கைக்குப் பழகிப்போய், வீட்டில் தலையணை உறை மாற்றும்போதுகூட இரண்டில் ஒன்றைத்தான் மாற்றுவாள்.

கூண்டுகள் அவளுடைய பொறுப்பு என்றால், பக்கத்து அறையில் நடக்கும் சோதனை கண்ணாடியின் பொறுப்பு. கண்ணாடி என்பது ஆராய்ச்சி மாணவன். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும், அதை எப்போதும் தேடிக்கொண்டிருப்பான். அவனுக்கு மேலே டாக்டரம்மா. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு வாசனையும் வலியும் சேர்ந்து வந்தால், குட்டி அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறது? எந்த வயதில் கற்றுக்கொள்கிறது?

குட்டியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் புதினா எண்ணெயின் வாசனையை ஊதுவார்கள். கூடவே காலடியில் சுள்ளென்று லேசாக மின்சாரம். மறுநாள் அதே குட்டியைக் கவட்டை வடிவப் பெட்டியில் விடுவார்கள். ஒரு கிளையில் புதினா, மற்றதில் வெறும் தூள். குட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் பரீட்சை.

முடி முளைத்து, ஓடியாடத் தொடங்கிய குட்டிகள் புதினாவை விட்டு விலகின. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் கண் திறக்காத, ரோஜா நிறத்தில் நெளிகிற பச்சைக் குட்டிகள் புதினாவை நோக்கிப் போயின. சுள்ளென்று சுட்ட அந்த வாசனையைத் தேடித் தேடித் தவழ்ந்தன. முதல்முறை அதைப் பார்த்தபோது எலியம்மா, "தப்பா வெச்சிட்டீங்களா தம்பி?" என்றாள்.

"இல்லக்கா. இதுங்க இப்படித்தான்."

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பிறகு அந்த வாரம் வந்தது. முடி முளைத்த குட்டிகளின் ஒரு தொகுதி முழுக்கப் புதினாவின் பக்கமே போயிற்று. விலக வேண்டிய வயது, விலகவில்லை. கண்ணாடி கருவியைக் கழற்றினான், மாட்டினான், எண்ணெயை மாற்றினான், சாப்பிடப் போகவில்லை. கடைசியில் மின்சாரம் வைக்கும் சின்னப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். மேசையில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

"அக்கா, இது என்ன?"

"மரத்தூள் தம்பி."

"அது தெரியுது. யாரோட மரத்தூள்?"

"அதுங்க அம்மாவோடது." அவள் கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். "தனியா வெச்சதும் கிரீச் கிரீச்னு கத்துச்சுங்க. பாவமா இருந்துச்சு. ஒரு பிடிதான் போட்டேன். கூண்டு மாத்தும்போது போடுவோமில்ல, அந்த மாதிரி."

கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி சக்கரத்தோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டியது. "அக்கா," என்றான், "என்னை ஒரேயடியா கொன்னுட்டீங்க."

டாக்டரம்மா இறங்கி வந்தார். வேலை போயிற்று என்று எலியம்மா முடிவு கட்டி, மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றவே தொடங்கிவிட்டாள். டாக்டரம்மா திட்டினார், ஒரு தொகுதி முழுக்க வீண் என்பதைச் சொல்லிக் காட்டினார், இனிமேல் சொல்லாமல் ஒரு துரும்பைக்கூடப் போடக் கூடாது என்றார். அவள் தலையாட்டினாள். ஆனால் திட்டி முடித்த பிறகும் அவர் போகவில்லை. உதிர்ந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்தத் தூளு அப்படி என்ன பண்ணிடுச்சு?" என்று எலியம்மா கேட்டாள். வேலை போகவில்லை என்ற தைரியம்.

"கண்ணு திறக்காத குட்டியால எங்கயும் ஓட முடியாது. பால் குடிக்க வேற இடமும் கிடையாது. அம்மா மிதிக்கும், கவ்வித் தூக்கும், வலிக்கும். வலிச்சப்பல்லாம் பயந்து ஒதுங்கினா பட்டினி கிடந்து செத்துடும். அதனால வலியோட எந்த வாசனை வந்தாலும் அதையே பிடிச்சுக்கும். இதுதான் வீடுன்னு எடுத்துக்கும்."

"வளந்தா?"

"வளந்தா மாறும். வலின்னா விலகும். ஆனா கொஞ்ச நாள் இடையில ஒரு வயசு இருக்கு. அப்ப அம்மா பக்கத்துல இருந்தா, இல்ல அம்மா வாசனை இருந்தாக்கூட, குட்டி பயத்தைக் கத்துக்காது. அம்மா சும்மாதானே இருக்கா, அப்ப இது பரவாயில்லைன்னு திரும்ப அங்கயே போகும். நீங்க போட்ட தூளு அதைத்தான் சொல்லியிருக்கு."

"பெருசானப்புறமாவது மறக்குமா?"

டாக்டரம்மா கடைசி வரிசைக் கூண்டுகளைக் காட்டினார். சின்ன வயதில் புதினா கற்றவை. இப்போது முழு எலிகள். "அதுங்க இன்னும் புதினா பக்கம்தான் போகுதுங்க. ஏன்னு அதுங்களுக்கே தெரியாது."

எலியம்மா தொட்டியில் கைகழுவப் போனாள். வாசனையில்லாத சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் மூக்கில் தின்னர் மணத்தது. பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர். அறையில் அப்படி எதுவும் இல்லை.

அவளுடைய அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து எழுந்தவர், எழுந்தபோது வேறு ஆளாக எழுந்தார். அடிக்கக் கை நீளத் தொடங்கியது. அப்போது அக்கா பள்ளிக்கூடம் போகிற பெண். இவள் தவழ்கிற குழந்தை. ஒரே அப்பா, ஒரே அடி, ஒரே தின்னர் வாசனை. அக்கா இன்று சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். புதிதாகப் பெயின்ட் அடித்த கட்டடத்துக்குள் போனால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். இவளோ ஒரு பெயின்டரையே கட்டிக்கொண்டாள்.

அவன் பெண் பார்க்க வந்த அன்றே அக்கா சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்: "வேணாம்டி. அவன் மேல அப்பா வாசனை அடிக்குது."

"அதனாலதான்க்கா பிடிச்சிருக்கு," என்றாள் இவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதன் அறைக்குள் வந்தபோது, நெடுநாள் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பினாற்போல அவளுக்கு நெஞ்சு இளகியது. அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டாள்.

பெயின்டர் நன்றாகப் பேசுவான். நாலு பேர் இருந்தால் நாலு பேரையும் சிரிக்க வைப்பான். மாலையில் வேலை முடிந்து அவள் வெளியே வந்தால் வண்டியோடு நிற்பான். "என்ன பாசம் பாரு," என்பார் காவலர். அவளை ஏற்றிக்கொண்டு, குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு, மாடி வீட்டில் இறக்கி விடுவான். பிறகு வெளியே பூட்டைப் போட்டுவிட்டு, மீதி வேலையைப் பார்க்கப் போவான். "காலம் கெட்டுக் கிடக்கு, எவன் வருவான் எவன் போவான்னு தெரியாது," என்பான். அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. அது அவனுடைய இடுப்பில் தொங்கும். கீழே அட்டை, மேலே சாவி. இரண்டுக்கும் நடுவில் அவன் முதுகு மட்டும் தெரிகிற வண்டிப் பயணம். அவளுடைய நாள் அவ்வளவுதான். நெடுங்காலம் அதை அவள் அடைப்பு என்று எண்ணியதில்லை. பத்திரம் என்றே எண்ணினாள்.

மகளுக்கு நாலு வயது. வாண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவது. மாடிப்படியில் தின்னர் வாசனை ஏறி வந்ததுமே, காலடிச் சத்தம் கேட்பதற்கு முன்பே, வாண்டு கதவுக்கு ஓடிவிடும். அவன் தூக்கிச் சுற்றுவான், மிட்டாய் கொடுப்பான். அப்புறம் சோறு சிந்தினால், பென்சிலை உடைத்தால், எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால், காதைத் திருகுவான். குதிகால் தரையை விட்டு எழும்பும் வரைக்கும் திருகுவான். "காது பழுத்துடுச்சே, பறிச்சிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். குழந்தை அழுதால் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறும். அதனால் எலியம்மா சிரிப்பாள். "அப்பா சும்மா விளையாடுறாரு கண்ணு," என்பாள். குழந்தையும் ஈரக்கண்ணோடு சிரித்துவிடும். வீடு அமைதியாகும். தன் கெட்டிக்காரத்தனம் என்றே அவள் அதை நினைத்திருந்தாள்.

தூள் உதிர்ந்த நாளுக்கு மறுநாள், மதிய இடைவேளையில், காவலரின் மேசைத் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பா அடிக்க வரும்போது நீ எங்க போவ?"

"என்னடி திடீர்னு? எலிங்களோட இருந்து இருந்து நீயும் எதையாவது கொறிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"சொல்லுக்கா."

"மாடிப்படிக்குக் கீழ. விறகுக்குப் பின்னால."

"நான்?"

மறுமுனையில் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "நீ அவரு மடியில போய் உக்காந்துக்குவ. அடிச்ச கையையே பிடிச்சுகிட்டு."

"அம்மா?"

"அம்மா எங்க, வாசல்ல நின்னுகிட்டு சிரிப்பா. அப்பா சும்மா விளையாடுறாருன்னு உன்கிட்ட சொல்லுவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

எலியம்மா தொலைபேசியை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. காவலர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று மாலை அவள் கவனித்தாள். இத்தனை காலம் கண்ணெதிரே இருந்ததுதான். வாண்டு தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்தது. அவன் கை காதுக்குப் போனது. குதிகால் எழும்பியது. குழந்தை அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தது. அழலாமா, சிரிக்கலாமா என்று அந்த முகத்தில் தேடியது. எலியம்மாவின் உதடுகள் தாமாகவே விரிந்துவிட்டன. குழந்தை சிரித்தது.

பெட்டியின் மூலையில் போட்ட ஒரு பிடி தூள் தான்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவள் கூடவே இருப்பதால்தான் குழந்தை பயப்படவில்லை. பயப்படாததால்தான் கதவுக்கு ஓடுகிறது. இந்த வயதில் இதைக் கற்றுக்கொண்டு வளர்ந்தால், ஒருநாள் எவனோ ஒருவன் அறைக்குள் வருவான், வாண்டுவுக்கும் வீட்டுக்குத் திரும்பினாற்போல நெஞ்சு இளகும். ஏனென்று அவளுக்கே தெரியாது.

அடுத்த தடவை சிரிக்கக் கூடாது. வேறு எந்தப் பெரிய தீர்மானமும் அவளிடம் இல்லை. ஓடிப்போவதெல்லாம் கற்பனைக்குக்கூட வரவில்லை. பூட்டிய கதவுக்குள் இருந்து எங்கே ஓடுவது?

சிரிக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். முதல் தடவை தோற்றாள். இரண்டாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். குழந்தை தேடியது, தேடியது. அம்மாவின் முகத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

"வலிக்குதா கண்ணு?" என்றாள் எலியம்மா. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

வாண்டுவின் முகம் கோணியது. "வலிக்குது!" என்று வீறிட்டது. அந்த வீட்டில் அந்தச் சொல் அதுவரை கேட்டதில்லை.

பெயின்டரின் கை தானாக விலகியது. அவன் குழந்தையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "என்னடி, புதுசா நாடகம்? எலிப்பொந்துல கத்துக் குடுத்தாங்களா?"

"குழந்தைக்கு வலிக்குதுங்க. அதைத்தான் சொல்லுச்சு."

அவளுடைய மேல்கையைப் பிடித்து அவன் அழுத்தியதில் நாலு விரலும் பதிந்தன. பிறகு வெளியே போய்ப் பூட்டினான். பூட்டைப் போட்டபின் இழுத்தும் பார்த்தான்.

அதற்கடுத்த நாட்கள் எலியம்மாவின் வாழ்க்கையில் மிக நீளமானவை. காலையில் அட்டை, மாலையில் சாவி. கீழே சிவப்பு விளக்கில் தாய் எலிகள் குட்டிகளைக் கவ்விக் கவ்வி ஒரு மூலைக்குச் சேர்க்கும். எங்கே சேர்த்தாலும் அதே கூண்டுதான். மேலே அவன் பேசவில்லை. பேசியபோது தேன் ஒழுகப் பேசினான். மிட்டாய் இரண்டு மடங்காக வந்தது. காது திருகுவதும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் சிரிக்காமல் நின்றாள். ஒவ்வொரு தடவையும் தன் குழந்தைக்குத் தானே பயத்தை ஊட்டுகிறோம் என்று குமைந்தாள். எந்தத் தாய் செய்வாள் இதை? பாலோடு சேர்த்துத் தைரியத்தை ஊட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவள் எதிர்ப்பக்கமாக ஊட்டினாள். சில இரவுகள் வாண்டு தூக்கத்தில் முனகியது. அப்போதெல்லாம் சிரித்துத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும்.

ஒரு மாலை வாசனை மாடிப்படியில் ஏறி வந்தது.

எலியம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தது நினைவில்லை, எழுந்தது நினைவில்லை. கதவுக்குப் பாதித் தூரம் வந்துவிட்டாள். அவன் பையை வாங்க இரண்டு கையும் நீண்டிருந்தன. நெஞ்சு பழையபடி இளகியிருந்தது. அப்போதுதான் பாவாடையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது தெரிந்தது. திரும்பினாள். வாண்டு. கதவுக்கு ஓடவில்லை. அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது.

"போகாதம்மா," என்றது, மிக மெதுவாக.

குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தவை அவளுடைய கால்கள்தான். அவற்றை நிறுத்த வேறு வழி தெரியாமல், எலியம்மா நின்ற இடத்திலேயே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாண்டுவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

பூட்டுத் திறந்தது. "எங்க என் ராஜாத்தி?" என்று பாடிக்கொண்டே வந்தவன் நின்றான். வாசலில் ஆளில்லை. பையை வாங்கக் கையில்லை. நடு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த மிட்டாயைப் பார்த்தான். சிரிக்க முயன்றான்; யாரும் உதவவில்லை. "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றான். பையைத் தானே மூலையில் எறிந்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

கதவு சாத்தியிருக்கவில்லை. நாதாங்கியில் பூட்டு தொங்கியது. சாவி பூட்டிலேயே இருந்தது.

துண்டு எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நிற்பதுதான் அவள் வழக்கம். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கை கொடியை நோக்கிப் போயிற்று. கையைத் திருப்பி வேலைக்குக் கொண்டுபோகும் பையையும் செருப்பையும் எடுத்தாள். வாண்டுவை இடுப்பில் ஏற்றினாள். சாவியைத் தொடக்கூட இல்லை. படியில் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் தின்னர் வாசனை நின்று வழிமறித்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

தன் வீட்டுக் கதவைத் திறந்த அக்கா, ஒரு எட்டுப் பின்வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "உன் மேலேயே அடிக்குதுடி!" என்றாள். ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடியே மறுகையால் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தங்கையின் மேல்கையில் நாலு விரல் பதிந்து கன்றிய தடத்தைப் பார்த்தாள். கதவைத் தாழிட்டாள், உள்பக்கமாக.

"நாளைக்கு அவன் உன் வேலை இடத்துல வந்து நிப்பானே?"

"நிப்பாரு."

"என்ன பண்ணுவ?"

"தெரியலக்கா."

"சரி. முதல்ல அந்தத் துணியைக் கழட்டு. எனக்கு வயித்தைப் புரட்டுது."

குளியலறையில் அக்காவின் துணியை உடுத்திக்கொண்டு, கழற்றிய சட்டையைக் கையில் வைத்திருந்தாள். அதில் அவனுடைய வண்டியில் ஒட்டி உட்கார்ந்து வந்த மாலைகள் எல்லாம் இருந்தன. வாளியில் தண்ணீர் நிறைந்தது. பையில் கிடந்த வெள்ளை சோப்பை எடுத்தாள். வெளியே வாண்டு பெரியம்மாவிடம், "எங்கம்மா எலிக்கெல்லாம் அம்மா, தெரியுமா?" என்று அளந்துகொண்டிருந்தது.

சட்டையை முக்கப் போன கை பாதியில் நின்றது. எலியம்மா அதை முகத்தில் வைத்து அழுத்தி, ஒரு தடவை, ஆழமாக மூச்சை இழுத்தாள். நெஞ்சு இளகியது. இளகட்டும் என்று விட்டாள். பிறகு சட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கி, கடைசிக் குமிழி மேலே வந்து உடையும்வரை கையை எடுக்காமல் இருந்தாள்.